கிளறி அண்ணாச்சி

விதை போட்ட மூன்றாம் நாள் அண்ணாச்சியின் ஆள்காட்டி விரலைப் பார்த்தால் நகக்கண்ணில் மண் இருக்கும். ஓணத்துக்குத் தோவாளைப் பூச்சந்தைக்குப் போகாமல் சொந்தப் பூவில் அத்தப்பூக் கோலம் இடுவதென்று ஆனி மாதமே கேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை என மூன்று சட்டிகளில் விதைத்தவர் அவர். கணக்கும் சரிதான், கேந்தி பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம் வேண்டும். ஆனால் பல் தேய்ப்பதற்கு முன்பே மண்ணைத் தோண்டி, விதையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒரு அனக்கமும் இல்லியே மக்கா” என்று சொல்லி மறுபடியும் புதைக்கிறார். சாயங்காலம் இன்னொரு சுற்று. கேந்தி முளைவிட ஒரு வாரம் ஆகலாம், வாடாமல்லிக்குப் பத்துப் பதினைந்து நாளும் பிடிக்கலாம். அதற்குள் அவர் வீட்டு விதை பார்த்துவிடும் சூரிய உதயங்கள், கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் பார்ப்பதைவிட அதிகம்.

விதையிலிருந்து எளிதில் வளரும் பூ என்று சொல்வதெல்லாம், மனிதர் கை அதிகம் படாமல் வளரும் பூவைத்தான். நாலுமணிப் பூவுக்கு யார் விதை போட்டார்கள்? மிளகுபோல் உதிர்ந்த விதை, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துக் கொல்லைப்புறத்தில் தானாக முளைக்கிறது. காசித்தும்பை ஒரு படி மேலே போய், காய் வெடித்துத் தன் விதையைத் தானே தெறித்துக்கொள்கிறது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்த நாஸ்டர்டியத்துக்கு வளமான மண்கூட வேண்டாம். உரத்தை அள்ளிப் போட்டால் இலையாகத் தள்ளிவிட்டுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். அண்ணாச்சி அதையும் வரவழைத்தார். விதை கடலைப் பருமன் இருந்தது, கிளறித் தேட வசதியாகப் போயிற்று. விதை முதலில் தண்ணீர் குடித்து உப்பும், பிறகு வேர் நீட்டும். வேர் நீட்டியபின் காற்றில் காய்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க அதனால் முடியாது. அவர் பார்த்து முடித்த நேரத்தில் பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

“விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, முளை வந்துட்டான்னு பாக்கல்லியா?” என்பது அவர் வாதம். நெல் விளைச்சலுக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று பூ சேர்த்துப் பேர் வைத்த நாட்டுக்காரர், கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்தப் பார்வையெல்லாம் விதைப்பதற்கு முன்னால். நாற்றங்காலில் தூவியபின் எந்த விவசாயியும் சேற்றுக்குள் கைவிட்டு நெல்மணியை நலம் விசாரித்ததில்லை. அக்கறையால்தானே செய்கிறார் என்று வக்காலத்து வாங்குவோரும் உண்டு. அக்கறைக்குச் சட்டி ஓரத்தில் மண் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் போதும். நாஸ்டர்டியம் குளிர்ப் பிரதேசச் செடி, ஊட்டியில் வேலியோரம் படர்வது நம் வெக்கைக்கு எப்படி வரும் என்பது மூன்றாவது சமாதானம். அதில் நியாயம் உண்டு. கேந்தியும் வாடாமல்லியும் வராமல் போனதற்கு எந்த மலையைக் கைகாட்டுவது?

இதுவரை சிரித்துக்கொள்ளலாம். முளைக்காத பழி விதைமேல் விழுந்ததும் அவர் புது விதைக்கென்று பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே கைநீட்டுகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேந்தி விதை செடியிலேயே பூ காய்ந்து பழுப்பான பிறகுதான் முற்றும். அவர் பறிப்பதோ பச்சைக் காம்போடு நிற்கும் பூவை. அவருக்கும் விதை இல்லை, வளர்த்தவர்களுக்கும் பூ இல்லை. அண்ணாச்சி, பூ வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விதைக்கு ஒரு மாதம் பொறுங்கள். அது நடக்காது. அத்தத்தன்று விடியுமுன் அவர் தோவாளையில்தான் நிற்பார், கேந்திக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி. வியாபாரி முறைப்பார். ஆனாலும் மேலே புதுப்பூவும் அடியில் நேற்றைய பூவுமாக அடுக்கிய குவியல் அந்த விரலிடம் தப்பாது. அன்று தெருவிலேயே வாடாத அத்தம் அண்ணாச்சி வீட்டு முற்றத்தில்தான் கிடக்கும்.