நாலு சென்ட் மிச்சம்

சிக்கனத்தில் இரண்டு வகை உண்டு. செலவு செய்யாமல் இருப்பது ஒன்று. செலவு செய்து சிக்கனமாக இருப்பது மற்றொன்று. முதல் வகைக்கு மனவுறுதி இருந்தால் போதும். இரண்டாம் வகைக்கு ஒரு கராஜ் வேண்டும், ஆடாத மேஜை வேண்டும், அந்த மேஜையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு பிரஸ் வேண்டும், கணக்குக் கேட்காத மனைவி வேண்டும். என் கணவருக்கு முதல் மூன்றும் வாய்த்துவிட்டன. நாலாவதில்தான் ஜாதகம் இடித்துவிட்டது. எனக்கு வேலையே தணிக்கை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில். இவர் வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்க் காகிதத்தைச் சுடுவார். அந்தக் காகிதம் இவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இவரும் அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. சுட்டு முடித்ததும் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்து, அதே கூட்டில் மறுபடி மருந்து போட்டுத் தோட்டாவாக்குவார். இதற்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் கராஜ் இருந்தும் பல வீட்டுக் கார்கள் வெயிலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தோட்டாவில் நாலு உருப்படி. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்த பிரைமர், உள்ளே பொடி, வாயில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், பொடி எரிந்துவிடும், பிரைமரின் ஆயுசும் முடிந்துவிடும். கூடு மட்டும் தப்பிக்கும். புதிதாக வாங்கினால் நாலில் அதுதான் விலை கூடியது. ஆகவே அதைத் தூக்கிப் போடுவது பாவம் என்பது இவர் சித்தாந்தம். இதில் தப்புச் சொல்ல முடியாது. தப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

குளித்துவிட்டுத் துண்டைத் தரையில் போட்டுப் போகிற மனிதர் இவர். குனிந்து எடுக்கச் சொன்னால் இடுப்பில் பிடிப்பு என்பார். ரேஞ்சில் பார்த்தால் அந்த இடுப்பு வேறு யாருடையதோ என்று தோன்றும். செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் கூட்டை வலது பக்கம் துப்பும். சமயத்தில் அது சூடாகப் பக்கத்துக்காரர் சட்டைக் காலருக்குள் இறங்கி, அவரைச் சிறிது ஆட வைக்கும். இவர் தன் கூடு, அடுத்தவர் விட்டுப் போன கூடு என்று பேதம் பார்க்க மாட்டார். விதை நெல்லைப் பொறுக்குகிற பக்தியோடு பெஞ்சுக்கு அடியிலெல்லாம் புகுந்து வருவார்.

பொறுக்கியதைப் பிரிப்பது தனிக் கலை. 9 மில்லிமீட்டர் ரகக் கூட்டின் நீளம் 19 மில்லிமீட்டர்; .380 ரகக் கூட்டுக்கு 17. குவியலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். .45இல் பெரிய பிரைமர் ஒரு சாதி, சின்ன பிரைமர் ஒரு சாதி; ஒன்றுக்கானது மற்றதில் ஏறாது. கடல் கடந்து வந்த சில கூடுகளின் அடியில், நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருக்கும். அது தெரியாமல் பிரஸ்ஸில் போட்டால் பழைய பிரைமரைத் தள்ளுகிற ஊசி முறிந்துவிடும். இரண்டு துளை முறையை 1860களில் கொண்டுவந்தவர் ஹிராம் பெர்டன், அமெரிக்கர். ஒரு துளை முறைக்கு மூலவர் எட்வர்டு பாக்ஸர், ஆங்கிலேயர். அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் ஊன்றிக்கொண்டது. ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கா சுவீகாரம் எடுத்துக்கொண்டது. உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அடுத்தது குளியல். சின்ன டிரம்மில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், கம்பித் துணுக்குகள் மாதிரி எஃகு ஊசிகள் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் உருட்டினால் கரி போய்ப் பித்தளை பளிச்சென்று வரும். எங்கள் வீட்டில் அது உருளுகிற இடம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். ஆட்சேபித்தேன். உடனே சரித்திரம் வந்தது. ரீலோடிங் கருவிகளுக்குப் பேர்போன ஆர்.சி.பி.எஸ். கம்பெனியை ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஆரம்பித்தது, அப்பாவின் சலவைக்கடைப் பின்கட்டிலாம். "பாரம்பரியம்" என்றார். ஓரோவிலில் துணி துவைக்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சரித்திரம் சொல்லவில்லை.

ஆறு மாத விசாவில் வந்திருந்த என் மாமியாருக்கு இந்தக் குளியலில்தான் முதன்முதலாக அமெரிக்கா பிடித்தது. கழுவிக் காய வைத்த கூடுகளை எட்டி நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா கரன்ட்டும் மிஷினும்? ஒரு எலுமிச்சங்காய் அளவு புளி குடு, அரை மணியில தங்கமாத் தேச்சுத் தர்றேன்" என்றார்.

"அம்மா, தொடாதே. ஈயம்" என்று இவர் பாய்ந்தார்.

உண்மைதான். சுட்ட பிரைமரின் கசடில் ஈயம் உண்டு. அந்தக் குளியலுக்கான வாளி, வடிகட்டி எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவாமல் எதையும் வாயில் போடக் கூடாது. இந்த ஒரு விதியால், பக்கோடா பொரித்தால் வழியிலேயே கை வைக்கிற பழக்கம் இவரிடமிருந்து ஒழிந்தது. இருபது வருஷமாக என்னால் ஆகாததை ஒரு பிரைமர் சாதித்தது. மாமியார் ஊருக்குப் போன் போட்டபோது, "பையன் சாயங்காலத்துல பித்தளை வியாபாரம் பாக்குறான்" என்று சொல்லி வைத்தார். நானும் திருத்தவில்லை. அங்கே இந்தியாவில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம்; விற்பதற்குச் செய்தால் வேண்டும். ஆக, வியாபாரம் என்ற சொல்லுக்கு இரண்டு ஊரிலும் இடமில்லை. வரவு என்கிற பத்திக்கும்தான்.

பிரஸ் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கைப்பிடியை இறக்கினால் கூடு மேலேறி, டை என்கிற அச்சுக்குள் நுழையும். ஊசி பழைய பிரைமரைத் தள்ள, அது டப்பாவில் டிக்கென்று விழும். அதே இழுப்பில், சுட்டபோது உப்பிய கூட்டின் இடுப்பு பழைய அளவுக்கு ஒடுங்கும். கையை எடுத்தால் முடிந்தது வேலை. ஆயிரக்கணக்கான பித்தளை இடுப்புகளை இப்படி ஒடுக்கிய மனிதர், தன் இடுப்புக்குப் புது பெல்ட் வாங்கியிருக்கிறார். பிறகு புது பிரைமர் அழுத்துவது, வாயைச் சற்று விரிப்பது, பொடி போடுவது, குண்டை உட்கார வைப்பது, விரிந்த வாயை ஒட்ட அமுக்குவது. ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் கவனம் பிசகக் கூடாது.

முக்கியமாகப் பொடி. அதை கிரெயினில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். சாம்பாருக்கு உப்பைக் கண்ணளவில் போட்டு எங்களைத் தண்ணீர் குடிக்க வைக்கிறவர், இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார், ஊதினால் எண் மாறிவிடுமாம். அளவுகளுக்கு அச்சடித்த கையேடு உண்டு. பொடி தயாரிக்கிறவர்களும் குண்டு தயாரிக்கிறவர்களும் சோதித்து எழுதியது. அதில் சொன்ன ஆரம்ப அளவை விட்டுவிட்டு நேரே உச்சத்துக்குக் குதிக்கக் கூடாது. நண்பர் சொன்னார் என்று எதையும் போடக் கூடாது. வீட்டு வாஷிங் மெஷின் கையேட்டை உறை பிரிக்காமல் குப்பையில் போட்டவர், இதைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு கூட்டில் பொடி விழாமல் போனால், பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கலாம். இரண்டு தரம் விழுந்தால் அதுவும் ஆபத்து. கைத்துப்பாக்கிப் பொடிகளில் பல, கொஞ்சம் போட்டாலே போதும் என்கிற ரகம். இரண்டு மடங்கு விழுந்தாலும் கூட்டுக்குள் சமர்த்தாக அடங்கிவிடும், வழிந்து காட்டிக் கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டிவி கூடாது, போன் கூடாது, பேச்சுக் கூடாது. நடுவில் கவனம் கலைந்தால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நியாயமான விதிதான். ஆனால் பாத்திரம் தேய்க்கிற நேரத்துக்கும், என் தம்பி ஊரிலிருந்து கூப்பிடுகிற நேரத்துக்கும் சரியாகப் பொருந்துகிற விதி. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "பொடி போடுறேன்!" என்று குரல் வரும். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குக்கூட இவ்வளவு சலுகை கிடையாது.

பொடிக்கும் பிரைமருக்கும் வெயில் ஆகாது, ஈரமும் ஆகாது. டெக்சாஸ் ஆகஸ்டில் கராஜுக்குள் அப்பளத்தை வெறுமனே வைத்தாலே பொரிந்துவிடும். எனவே அவை வீட்டுக்குள் குடிவந்தன. எந்த அலமாரி குளிர்ச்சியாக, உலர்வாக, இருட்டாக இருக்கிறது என்று ஆராய்ந்து, என் பட்டுப்புடவை அலமாரி தேர்ந்தெடுக்கப்பட்டது. நான் ஆட்சேபிக்க, தேசிய தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதித்தொகுப்பு மேஜைக்கு வந்தது. வீட்டில் 20 பவுண்டு வரை பொடியை அதன் சொந்த டப்பாவில் வைக்கலாம். பிரைமர் 10,000 வரை வைக்கலாம். "பட்டுப்புடவைக்கு உச்சவரம்பு ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டேன். போடவில்லை என்று வருத்தமாகச் சொன்னார். பொடிக்குக் கீழ்த்தட்டில் பூட்டு வைத்த தனி அறை கிடைத்தது. என் புடவைகள் அசையவில்லை.

இனி கணக்கு. கடையில் 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று ஏறக்குறைய 25 சென்ட். வீட்டில் செய்தால் குண்டு 10, பிரைமர் 8, பொடி 3, கூடு இலவசம், மொத்தம் 21. மிச்சம் நாலு சென்ட். பிரஸ், டை, தராசு, டிரம் எல்லாமாக ஆயிரம் டாலர். நாலு நாலு சென்ட்டாக ஆயிரம் டாலரை மீட்க 25,000 தோட்டா சுட வேண்டும். பொடியையும் பிரைமரையும் தபாலில் வரவழைத்தால் அபாயச் சரக்குக் கட்டணம் தனி. கூலியை நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் காகிதத்துக்கே மனசு உடைந்துவிடும். 2020இல் நாடெங்கும் பிரைமர் பஞ்சம் வந்தபோது, முப்பது டாலருக்குக் கிடைத்த ஆயிரம் பிரைமர் நூறைத் தாண்டியது. அப்போது இவர் கையில் பழைய விலைக்கு வாங்கியது இருந்தது. மனிதர் தெருவில் நடந்த நடையே வேறு. அந்த இருப்பைச் சுடவும் மனசு வரவில்லை. அந்த வருஷம் மட்டும்தான் இந்தப் பொழுதுபோக்கில் நிஜமாகவே காசு மிஞ்சியது.

"9 மில்லிமீட்டர்ல மிச்சம் கம்மிதான்" என்று கணக்கைப் பார்த்து இவரே ஒப்புக்கொண்டார். "விலை ஜாஸ்தியான தோட்டாவா இருந்தா மிச்சமும் ஜாஸ்தி. .44 மேக்னம் எடுத்துக்கோ. 1955இல வந்தது. 'டர்ட்டி ஹாரி' படத்துல கிளின்ட் ஈஸ்ட்வுட் வச்சிருப்பாரே, அது. கடையில ஒண்ணு ஒரு டாலருக்கு மேல. நாமே செஞ்சா பாதி விலைகூட ஆகாது. ஒவ்வொரு தரம் சுடும்போதும் அரை டாலர் லாபம்!"

"நம்மகிட்ட அந்தத் துப்பாக்கி இல்லையேங்க."

"அதனாலதான் நஷ்டத்துல ஓடுது."

இந்தத் தர்க்கத்துக்கு என் படிப்பில் பதில் இல்லை. பெரிய கம்பெனிகள் இதையே விரிவாக்கம் என்ற பெயரில் செய்து மாட்டிக்கொண்டு, கடைசியில் எங்களைக் கூப்பிடுவார்கள். வருஷக் கணக்கில் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். 'பொழுதுபோக்கு' என்று எழுதினால் இவருக்குக் கோபம் வரும். 'சேமிப்பு' என்று எழுதினால் என் உரிமம் போய்விடும். 'பரிசீலனையில்' என்று எழுதி வைத்தேன்.

அதை இவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நேற்று ஒரு பெட்டி வந்தது. .44 மேக்னத்துக்கான டை. துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. ஆனால் டை தள்ளுபடியில் வந்ததாம். பன்னிரண்டு டாலர் மிச்சம்.