மங்குக் கிண்ணமும் மூன்று டாலரும்

காரைக்குடியில் பழைய மங்குக் கிண்ணம் வாங்கினேன். அடியில் 'ஸ்வீடன்' என்றிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. கிண்ணம்தான் ஊர்விட்டு ஊர் வந்து ஏமாந்திருக்கிறது! பர்மா, மலாயாவில் கொடுக்கல்வாங்கல் செய்த நகரத்தார் வீட்டுச் சீர்களில் ஐரோப்பிய மங்குச் சாமான் அடுக்கடுக்காக வந்து இறங்கியது. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு, அவ்வளவுதான். விளிம்பில் பூச்சு பெயர்ந்து கறுப்பு தெரிந்தால் முறுக்கு வையுங்கள், ரசம் ஊற்றாதீர்கள். புளி இரும்பைத் தின்னும்.

பாட்டியின் பித்தளைப் போசியில் சாம்பார் பரிமாறலாமா?

கடைசியாக ஈயம் பூசியது பாட்டி காலத்திலா? அப்படியானால் மறுபடி பூசிய பிறகுதான். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுவிடுங்கள். காரீயம் கலந்தால் விஷம்.

பழைய கிண்ணம் சேர்த்து யாராவது பணக்காரர் ஆனதுண்டா?

உண்டு. நியூயார்க்கில் ஒரு குடும்பம் வீட்டுவாசல் விற்பனையில் 3 டாலருக்கு வாங்கிய சீனக் கிண்ணம், 2013-ல் சோதபிஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. நாமாக இருந்தால் 2 டாலருக்குக் கேட்டு, விற்பவர் மறுக்க, திரும்பி வந்திருப்போம்.

வாங்கிய பாத்திரத்தில் யாரோ ஓர் அம்மாள் பெயர் வெட்டியிருக்கிறதே, அழித்துவிடலாமா?

ஏன், திருப்பிக் கேட்டு வந்துவிடுவார் என்று பயமா?