உலக முடிவுக்கு எந்த ரயில்?

கேள்வி: ஐயா, நானுஓயாவிலிருந்து உலக முடிவுக்கு எப்படிப் போவது?
— வாசகர், தலவாக்கலை

பதில்: பதுளைப் பக்கம் போகும் ரயிலில் ஏறி பட்டிப்பொலயில் இறங்குங்கள். 1,891 மீற்றர், நாட்டில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் கிடையாது. அங்கிருந்து வேன் பிடித்தால் ஹோர்ட்டன் சமவெளி, பிறகு உலக முடிவு வரை நடை. ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். நம்ம ரயில் பிந்தும், பனி பிந்தாது. முதல் நாளே போய்த் தங்குகிறவர் பிழைத்தார். மற்றவர் ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளத்தைப் பார்க்கப் போய், காயப்போட்ட வெள்ளை வேட்டியைப் பார்த்தது போலத் திரும்பலாம்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைக் கிளறி, தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிட்டார்கள். என்ன கோபம்?
— வாசகி, நானுஓயா

பதில்: மரைக்கு லேபிள் வாசிக்கத் தெரியாது, தின்னத்தான் தெரியும். பொலித்தீன் அதன் வயிற்றுக்குள் போனால் வெளியே வராது. வாகனம் நிறுத்தும் இடத்தில் மரை வந்து பிஸ்கட்டுக்கு முகத்தை நீட்டும். பாவம் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மலை உச்சியில் யானை இருந்ததாக எங்கள் தாத்தா சொல்வார். கதைதானே?
— வாசகர், கந்தப்பளை

பதில்: தாத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் யானை இருந்தது. வெள்ளைக்காரர் சுட்டு முடித்தார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி மட்டும் 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் அவர் மேல் இடி விழுந்து செத்துப்போனார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானைக்குத்தான் கல்லறை இல்லை.

கேள்வி: எல்லா மலையையும் வெட்டிய துரைமார் ஹோர்ட்டன் சமவெளியை மட்டும் ஏன் விட்டார்கள்?
— வாசகர், ஹட்டன்

பதில்: ஒரு தாவரவியல்காரர் சொன்னதைக் கேட்டதால். ஜோசப் ஹூக்கர் 1873இல் இலங்கை அரசுக்குச் சொன்னார்: 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாதீர்கள். அதற்கு ஏற்றபடி உத்தரவும் வந்தது. அந்த 5,000 அடிக் கோட்டுக்கு மேலேதான் நானுஓயா ஸ்டேஷனே இருக்கிறது, சுற்றிலும் தேயிலை. உத்தரவு எவ்வளவு தூரம் மலை ஏறியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மிஞ்சிய காட்டுக்காக அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம். பாசி போர்த்திய குட்டை மரங்கள் பனியையே பிழிந்து தண்ணீராக்குகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அந்தச் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறது. கொழும்பில் குழாயைத் திறக்கிறவருக்கு இது தெரியாது. லயத்துப் பீலியில் குடம் வைக்கிறவருக்குத் தெரியும்.

கேள்வி: தோட்டத்து டர்பன்டைன் மரங்களும் காடுதானே?
— மாணவர், லிந்துலை

பதில்: வரிசையாக நின்றால் அது பெரட்டு, தம்பி.

கேள்வி: லயத்துப் பக்கம் சிறுத்தை வருகிறது. போன மாதம் எங்கள் நாயைக் கொண்டு போய்விட்டது. காட்டில் அதற்கு என்ன குறை?
— வாசகர், பொகவந்தலாவ

பதில்: ‘வருகிறது’ என்கிறீர்கள். அது எங்கே போனது, வருவதற்கு? கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையை வழித்தபோது, உச்சியிலும் ஓடைக்கரையிலும் காடு துண்டுதுண்டாய் மிஞ்சியது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததுக்குப் போக உங்கள் தேயிலை மலைதான் அதற்கு ரோட்டு. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா முழுவதும் சேர்த்தே 3,160 ஹெக்டேயர்தான். பன்றி, மரை, குரங்கு என்று தேடி நடக்கிற சிறுத்தைக்கு வாசலில் கட்டிய நாய் என்பது பார்சல் சாப்பாடு. இரவில் நாயை உள்ளே விடுங்கள்.

உண்மையான வில்லங்கம் பன்றிக்குக் கட்டுகிற கம்பிச் சுருக்கு. மரக்கறியைக் காக்கக் கட்டுகிறவர் உண்டு. இறைச்சிக்குக் கட்டுகிறவரும் உண்டு, ஊருக்குத் தெரியாததல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு சுருக்கில் மாட்டியது கருஞ்சிறுத்தை. இலங்கையில் மிக அபூர்வமான ஒன்று. உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து கட்டிப் பார்த்தார்கள். சில நாளில் செத்துப்போனது. ஒரு முழம் கம்பி!

மாட்டிய சிறுத்தையைக் கண்டால் 1992க்கு அடியுங்கள், வனஜீவராசிகள் திணைக்களம் வரும். படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். திமிறத் திமிறக் கம்பி அறும். அறுந்தால் அது உங்கள் போனைப் பார்த்துச் சிரிக்காது.

கேள்வி: சிறுத்தைக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, கொழுந்து எடுக்கிற எங்கள் மேல் பாய்ந்தால்?
— வாசகி, மஸ்கெலியா

பதில்: அக்கா, இதில் எனக்குப் பகிடி வரவில்லை. பகலில் அது தேயிலைக்கு அடியில் படுத்திருக்கும். சத்தமில்லாமல் நிரையில் இறங்கினால் திடுக்கிட்டுப் பாயும். மலைக்குள் இறங்கும் முன் தகரம் தட்டிக்கொண்டு இரண்டு பேரை முன்னே அனுப்பச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். அதனால் கொழுந்து குறைந்தது என்று அரைப்பேர் போட்டுச் சம்பளத்தைக் குறைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்து, பிறகு பிழைத்து வந்ததாமே?
— வாசகர், ராகலை

பதில்: அறுபது ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாததால் ஆய்வாளர்கள் கணக்கை மூடிவிட்டார்கள். 2002இல் மறுபடி கண்ணில் பட்டது. முதல் படங்கள் 2010இல் வெளிவந்தன. அது எங்கும் ஒளியவில்லை. அதற்கு இரவு வேலை, தேடியவர்களுக்குப் பகல் வேலை.

கேள்வி: குறிஞ்சி பார்க்கக் கொடைக்கானலுக்குப் போகத்தான் வேண்டுமா?
— வாசகி, நுவரெலியா

பதில்: பாஸ்போர்ட்டை மடித்து வையுங்கள். சிங்களத்தில் ‘நெலு’ என்கிறார்களே, அது குறிஞ்சியின் இனம்தான். சில வகைகள் பன்னிரண்டு ஆண்டு அளவில் ஒருமுறை சேர்ந்து பூக்கும். 2013இல் ஹோர்ட்டன் சமவெளி ஊதாவாய்க் கிடந்தது. விதை கொட்டியதும் காட்டுக்கோழிகளுக்குக் கல்யாண வீடு. பறிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். வாசலில் பையைக் கிளறுவார்கள் என்று மேலேயே ஒரு வாசகி சொன்னாரே.