மெக்காலே அன்றைக்கு எந்த ஊரில் இருந்தார்?

எங்கள் கல்லூரியில் மாணவர்கள் உட்காரும் இடங்களில் ஏசி இருப்பது நூலகத்தில் மட்டும்தான். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் மேஜைப் பக்கம் அவர்கள் வருவது அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம்.

“சார், ஒரு ரெஃபரன்ஸ் வேணும்.”

“எதைப் பத்திப்பா எழுதப் போறே?”

“எழுதிட்டேன் சார். ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி.”

மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, சமையலுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, “விடியறதுக்குள்ள மாப்பிள்ளை மட்டும் பார்த்துக் கொடுங்க” என்று தரகரிடம் நிற்பார்களே, அதே தோரணை.

இப்போது புதிதாக ஒரு ரகம் கிளம்பியிருக்கிறது. சாட்ஜிபிடி கொடுத்த பட்டியலோடு வருவார்கள். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கும். புத்தகம் மட்டும் இருக்காது. “இப்படி ஒரு புத்தகத்தை யாரும் எழுதவே இல்லப்பா” என்றால், “அப்ப கன்னிமாராவுல கேட்டுப் பாக்கட்டுமா சார்?” என்கிறான். இந்தியாவில் அச்சாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. அச்சாகாத நூலுக்கு அது என்ன செய்யும், பாவம்! 2023-ல் நியூயார்க்கில் வக்கீல்களே இந்த மாதிரி இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டி 5,000 டாலர் அபராதத்தில் மாட்டிய கதையைச் சொல்லிப் பயமுறுத்தினேன். “வக்கீலே பண்ணியிருக்காங்களா சார்?” என்று பையனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி தேவலை. ஆங்கிலக் கல்வி வந்த கதையைப் பற்றி அசைன்மென்ட். அவள் கையில் இருந்தது மெக்காலே. 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி பிரிட்டிஷ் பார்லிமென்டில் எழுந்து, இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரன், ஒரு திருடன் கண்ணில் படவில்லை, இவர்களை மடக்க வேண்டுமானால் கல்வியை மாற்றுவதுதான் வழி என்று பேசினாராமே, அந்தப் பேச்சு.

“எங்க பாத்தாலும் இருக்கு சார்.”

இருக்கிறதுதான். என் சித்தப்பா அனுப்பும் காலை வணக்கத்தில்கூட இருக்கிறது.

“எங்க இருக்குங்கறது கிடக்கட்டும்மா. அன்னைக்கு மெக்காலே எங்க இருந்தார்னு பாரு.”

அவருடைய தங்கை மகன் ட்ரெவெல்யன் 1876-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைத் திறந்தோம். 1834 ஜூனில் மெக்காலே மெட்ராஸில் வந்து இறங்குகிறார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்ததால், அவரைப் பார்க்கப் பல்லக்கில் மலையேறுகிறார். அப்புறம் கல்கத்தா. சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் லண்டனில் பேசியிருக்க வழியே இல்லை. கல்கத்தாவில் இருந்துகொண்டு கல்வியைப் பற்றிய தன் புகழ்பெற்ற குறிப்பில் அன்றைய தேதியைத்தான் போட்டிருக்கிறார். அந்தப் பேச்சைக் கட்டிவிட்டவர் யாரோ, தேதியை மட்டும் நாணயமாக எடுத்திருக்கிறார்.

குறிப்பு முழுசாக, ஷார்ப் தொகுத்து 1920-ல் அரசாங்கம் வெளியிட்ட கல்வி ஆவணத் தொகுதியில் இருக்கிறது. சமஸ்கிருதமும் அரபியும் எனக்குத் தெரியாது என்று மெக்காலே அதில் ஒப்புக்கொள்கிறார். கொஞ்சமும் கூச்சமில்லாமல், நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றைத் தட்டு இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்பதை மறுத்த கீழைமொழி அறிஞர் ஒருவரையும் பார்த்ததில்லை என்கிறார். நூலகர் என்ற முறையில் எனக்கு இதில் தனிக் கோபம். ஒரு தட்டில் எத்தனை புத்தகம் அடங்கும் என்று தினமும் அடுக்குகிறவனுக்குத் தெரியாதா?

“நிஜமா எழுதினதே இவ்ளோ மோசமா இருக்கே சார். அப்புறம் எதுக்கு இன்னொண்ணைக் கட்டிவிட்டாங்க?”

கெட்டிக்காரப் பெண். பொய்ப் பேச்சில் மெக்காலே நம்மைப் புகழ்கிறார், நிஜக் குறிப்பில் மட்டம் தட்டுகிறார். எது ஃபார்வர்டு ஆகும்?

பேச்சை அடித்துவிட்டு, குறிப்பைச் சேர்த்து, பக்க எண்ணெல்லாம் போட்டு ஜம்மென்று கொடுத்தாள். அடுத்த வாரம் திருத்தி வந்த தாளை என் மேஜையில் வைத்தாள். பத்துக்கு ஏழு. ஓரத்தில் சிவப்பு மையில், “மெக்காலேயின் பார்லிமென்ட் உரை விடுபட்டுள்ளது.”

“ஷார்ப் புத்தகத்துல அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துத் தரேன். சார்கிட்ட கொண்டுபோய்க் காட்டும்மா.”

“நீங்களே காட்டுங்க சார். எனக்கு இன்டர்னல் மார்க் இருக்கு.”