செயலி தேர் படலம்: ஓர் உரை விளக்கம்

கூறியது கூறலை நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது நன்னூல். அதே நன்னூல், பாடத்தை இருமுறை கேட்பவனுக்குப் பிழை குறையும், மும்முறை கேட்பவனுக்கு எடுத்துச் சொல்லவே வரும் என்கிறது. நூல் திரும்பச் சொன்னால் குற்றம், மாணவன் திரும்பக் கேட்டால் குணம் என முடிபு கொள்க. ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே எத்தனை நாள் விடுவது என்பதை மட்டும் பவணந்தியார் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தக் குறையை நிரப்பியவர் போலந்து நாட்டு பியோத்தர் வோஸ்னியாக். 1987இல் அவர் எழுதிய சூப்பர்மெமோ என்ற கணினி நிரலின் விதிப்படி, முதல் மீள்பார்வை 1 நாளில், அடுத்தது 6 நாளில். பிறகு நினைவு நின்றால் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகும், மறந்தால் முதலிலிருந்து. அவருக்கும் முன்பே, 1972இல், ஜெர்மன் மொழி எழுத்தாளரான செபாஸ்டியன் லைட்னர் அறைகள் தடுத்த ஓர் அட்டைப்பெட்டியால் இதைச் சாதித்தார். சார்ஜர் தேவைப்படவில்லை.

இனி, குரூப் 4 எழுதவிருக்கும் ஒருவரை ஆய்வுப் பொருளாகக் கொள்வோம். இதே முறையில் அட்டைகளைத் திரும்பக் காட்டும் ஆங்கி செயலி தானாக வைத்திருக்கும் கணக்கு, நாளுக்கு 20 புதிய அட்டை. அட்டைக்கு ஒரு குறள் என்றால் 1330 குறளும் 67 நாளில் ஒரு சுற்று வந்துவிடும். நம்மவரோ ஆங்கியின் முகம் பழசாக இருக்கிறது என்று குவிஸ்லெட்டுக்குப் போய், அங்கே பல வசதிகளுக்குச் சந்தா கேட்பதைக் கண்டு திரும்பி, இப்போது பின்னணி கறுப்பா வெள்ளையா என்ற இடத்தில் நிற்கிறார். அறத்துப்பால் இன்னும் தொடங்கவில்லை.

அற்றேல், இத்தனை ஒப்பீடும் எதற்கு எனின், கூறுதும்.

ஆங்கியில் விடையைப் பார்த்ததும் நான்கு பொத்தான்கள் வரும்: மீண்டும், கடினம், நன்று, எளிது. மறந்தவர் அழுத்த வேண்டியது 'மீண்டும்'. மானமுள்ளவர் அதை அழுத்துவதில்லை, 'கடினம்' அழுத்துகிறார். கடினம் என்றால், சிரமப்பட்டாலும் நினைவு வந்தது என்று செயலி எடுத்துக்கொள்ளும். பாவம், அதற்குச் சூது தெரியாது. அட்டையைச் சில நாள் தள்ளிப் போடும். அட்டை திரும்பி வரும்போது அதே மறதி, அதே மானம், அதே பொத்தான். ஆக, நம்மவர் தேடுவது மறந்ததை ஒப்புக்கொள்ளச் சொல்லாத செயலியை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அப்படியொன்றை இதுவரை எவரும் எழுதவில்லை. எழுதினால் பணம் குவியும்.

மறதியை ஆராய்ந்த உளவியலாளர் எப்பிங்ஹவுஸோ பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தான் மறந்த அளவைத் தானே அளந்து, 1885இல் நூலாகவே வெளியிட்டார். மனிதருக்கு வெட்கம் குறைவு; அறிவியல் வளர்ந்தது.

விலை பற்றியும் ஒரு சொல். ஆங்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் காசு. லட்ச ரூபாய்க்குப் போன் வாங்கியவர்கள் சிக்கனத்தின் அருமையை உணர்வது இந்தத் துறையில்தான்.

தேர்வு நெருங்கியும் செயலி அமையாதவர் என் செய்வது எனின், ஒரு நோட்டில் நடுக்கோடு கிழித்து, இடப்பக்கம் கேள்வியும் வலப்பக்கம் விடையும் எழுதி, விடையைக் கையால் மறைத்துப் படிக்க. கைக்குக் கட்டணமில்லை, ஐபோன் உடையார்க்கும்.