ரோமிங்காரர்

வெளிநாடு போனாலும் உள்ளூர் கைப்பேசி எண்ணை விடாதவர் ரோமிங்காரர் எனப்படுவார். வயது பெரும்பாலும் ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மின்வாரியப் பொறியாளர், கூட்டுறவு வங்கிச் செயலாளர் ஆகியோரிடையே இவ்வினம் செழித்து வளர்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர், மலேசியா புறப்படும் பேக்கேஜ் டூர் குழுக்களிலும், மகள் பிரசவத்துக்குப் போகும் பெற்றோரிடத்திலும் இவரை எளிதில் அடையாளம் காணலாம். கைப்பேசி சட்டைப் பையில் இருக்கும். சட்டைப் பையின் மேல் ஒரு கை இருக்கும். பாஸ்போர்ட்டை நம்பிக்கையோடு மனைவியிடம் கொடுத்து வைப்பார். கைப்பேசியைக் கொடுக்கமாட்டார்.

எண்ணை இப்படிக் கட்டிக் காப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பத்து இலக்கம் வங்கியில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் புக்கிங்கில் இருக்கிறது, தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையின் அடியிலும் அச்சாகியிருக்கிறது. பணம் கட்டவோ அனுப்பவோ வேண்டுமென்றால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் அணைந்தால் ஆளே இல்லையென்று ஆகிவிடும் என்பது இவர் கணக்கு. வங்கியைப் பொறுத்தவரை அது சரியான கணக்குதான்.

இவ்வினத்தின் வரலாறு நீண்டதன்று. ஜிஎஸ்எம் முறையில் கைப்பேசிச் சேவை 1991இல் பின்லாந்தில் தொடங்கியது. மறு ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றும் ரோமிங் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு பேச, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்நாளில் பேசியவருக்கும் கட்டணம், கேட்டவருக்கும் கட்டணம். வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்ற நிலை 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை முழுக்கப் பயிற்சி பெற்றுவிட்டது: மணி அடித்தால் எண்ணைப் பார், கட் பண்ணு, தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு நட. ஒரு ரிங் கொடுத்தால் ஊர் சேர்ந்தாச்சு, இரண்டு ரிங் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வா என்று பொருள்பட்ட மிஸ்டு கால் இலக்கணமும் அக்காலத்தில் உருவானதே. இந்தியாவுக்குள் மறந்துபோன இந்தக் கலைகள் அனைத்தும் விமானம் மீனம்பாக்கத்தில் மேலெழும்பியதும் ரோமிங்காரருக்கு ஞாபகம் வந்துவிடுகின்றன.

புறப்படுவதற்கு முன் ஆலோசனைக் காலம் ஒன்று உண்டு. விசா கைக்கு வந்த மறுநாளே அது தொடங்கும். ஐடி கம்பெனியில் இருக்கும் அக்கா மகன், “மாமா, அங்க போய் ஒரு சிம் வாங்கிக்குங்க, பேசாம இருங்க” என்பான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரீசார்ஜ் கடைத் தம்பி, “அங்கிள், பேக் போட்டுட்டுப் போயிருங்க” என்பான். இருவர் பேச்சும் எடுபடாது. எதிர்வீட்டுக்காரர் சொல்வதே எடுபடும். அவர் ஒருமுறை மலேசியா போய்வந்தவர். ரோமிங்கில் நாலு போட்டோ வந்து இறங்கியதற்கு ஒருவருக்கு நாற்பதாயிரம் பில் வந்த கதையைச் சொல்வார். அந்த ஒருவர் யார் என்பதை எதிர்வீட்டுக்காரர் சொல்வதில்லை. தொகையும் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஐயாயிரம் ஏறும். கதையில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. பேக் எதுவும் போடாமல் டேட்டா ரோமிங்கைத் திறந்து வைத்தால், கைப்பேசி சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போதே செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும், படங்கள் தாமாக மேகக்கணிக்குப் போகும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விழும் காலை வணக்க ரோஜாப்பூவும் முருகன் படமும் தாமாக இறங்கும். அத்தனைக்கும் கணக்கு ஓடும்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி ஃபிளைட் மோடை எடுத்ததும் குறுஞ்செய்திகள் வரும். ஒன்று சிங்கப்பூருக்கு வரவேற்கும். மற்றொன்று இன்னின்னதற்கு இவ்வளவு கட்டணம் என்று தெரிவிக்கும். முதலாவதை ரோமிங்காரர் பார்ப்பதில்லை. இரண்டாவதை விமானத்தின் நடைவழியிலேயே நின்று மனைவிக்கு உரக்கப் படித்துக்காட்டுவார். பின்னால் வரிசை நிற்கும்.

இங்கே அழைப்பு பயணப்படும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். ரோமிங்காரரின் கைப்பேசி சிங்கப்பூர் கோபுரத்தைத் தொட்டதுமே அந்த நாட்டு நிறுவனம், உங்கள் ஆள் இங்கே இருக்கிறார் என்று இந்திய நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடுகிறது. மதுரையிலிருந்து ஒருவர் இவரை அழைத்தால் அழைப்பு முதலில் இந்திய நிறுவனத்தின் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டித் திருப்பிவிடப்படும். அழைத்தவர் வழக்கமான பத்து இலக்கத்தைத்தான் அழுத்தினார். அவருக்கு அது உள்ளூர் அழைப்பு. கடல் தாண்டிய மிச்சப் பாதிக்குக் காசு கொடுக்க வேண்டியவர் காதில் வைத்துக் கேட்பவர். ரோமிங்காரரின் துன்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கிறது, ஏனென்றால் அழைப்பவர்கள் யாருக்கும் இந்த விதி தெரியாது.

அத்தை அழைப்பார்.

“நான் அத்தை பேசுறேம்ப்பா. சாப்ட்டியா?”

“அத்தே, இது ரோமிங்கு. வாட்ஸ்அப்ல வாங்க.”

“ரோமிங்கா? நீ சிங்கப்பூர்தானே போறேன்னு சொன்ன?”

ரோமிங் என்பது ஊர் அன்று என்று விளக்கி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். அத்தை விட்ட இடத்தில் வேறொரு குரல் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கும். கடன் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒருவர் காசு கொடுக்கும் இடம் உலகில் இது ஒன்றுதான். மூன்றாவதாக அழைக்கும் பால்காரர் நாளையிலிருந்து பாக்கெட் போடவா வேண்டாமா என்பார். இதைப் புறப்படும்போதே இரண்டு முறை சொல்லியாயிற்று.

இந்த விதி உச்சம் தொடுவது செராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் முஸ்தஃபா கடையில். கீழ்த்தளத்தில் கணவர், மேல் தளத்தில் மனைவி, இருவர் கையிலும் இந்திய எண். “எங்கே இருக்க?” என்று கணவர் அழைத்தால் அது சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குச் செய்த வெளிநாட்டு அழைப்பு. இந்தியா போன பிறகுதான் மனைவி சிங்கப்பூரில் இருப்பது தெரிந்து, அழைப்பு திரும்பி வரும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வானவழித் தூரம் ஏறக்குறைய 2,900 கி.மீ. “தைலம் வாங்கிட்டு இருக்கேன், வர்றேன்” என்ற பதிலைக் கேட்பதற்குக் கணவர் ஒரு கட்டணமும், சொல்வதற்கு மனைவி ஒரு கட்டணமும் செலுத்துகிறார்கள். படியேறிப் போய்ப் பார்த்தால் இலவசம்.

இரண்டாம் நாள் மனம் இளகி உள்ளூர் சிம் வாங்க இசைவார். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கவுன்டரில் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அதன் பிறகுதான். கைப்பேசியில் இரண்டு சிம் போடலாம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். ஆனால் பல கைப்பேசிகளில் அந்த இரண்டாம் இடமும் மெமரி கார்டு இடமும் ஒன்றே. ரோமிங்காரரின் மெமரி கார்டில் சுப்ரபாதமும் பேத்தியின் முதல் பிறந்தநாள் வீடியோவும் இருக்கின்றன. அதை எடுக்க முடியாது. ஆகவே இந்திய சிம்மே வெளியே வர வேண்டும். சிம்மை எடுக்கும் குத்தூசி மயிலாடுதுறை வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கும். மனைவியின் ஊக்கு கைகொடுக்கும். எடுத்த சிம் குங்குமச் சிமிழில் வைத்து மூடப்படும். அன்று மாலையே ஏதோ ஒரு கட்டணத்தை ஆன்லைனில் கட்டப்போவார். வங்கி ஓடிபி அனுப்பிவிட்டதாகச் சொல்லும். எண் சிமிழில் இருக்கிறது. மறுபடி ஊக்கு, மறுபடி சிமிழ், நெற்றியில் இருக்க வேண்டிய குங்குமம் சிம்மில் இருக்கும்.

சிம் வாங்க இசையாத வகையினர் வைஃபையை நம்பி வாழ்கிறார்கள். ஓட்டலில் அறைச் சாவிக்கு முன்னால் பாஸ்வேர்டு கேட்பார்கள். மெர்லயன் சிலைக்கு முதுகைக் காட்டி எடுத்த படங்கள் இரவு வரவேற்பறை சோபாவில்தான் ஊருக்குப் புறப்படும். பத்து மணிக்கு அந்த சோபாவில் இடம் கிடைக்காது. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால் ஊரில் அப்போது ஏழரைதான். கைப்பேசி தானாகவே புதிய நேரத்துக்கு மாறிவிடும். கைக்கடிகாரத்தை ரோமிங்காரர் மாற்றமாட்டார். எது எந்த ஊர் மணி என்பதில் மூன்று நாளுக்கு ஒருமுறை குழப்பம் வரும், அன்றைக்கு டூர் பஸ் காத்திருக்கும்.

சார்ஜர் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எங்கும் சுவரில் இருப்பது மூன்று செவ்வகத் துளை. நம் சார்ஜருக்கு இரண்டு உருண்டைக் கால். நூறு ரூபாய் அடாப்டர் ஒன்றை ஊரிலேயே வாங்கியிருக்கலாம். வாங்காதவர்கள் மேல் துளையில் பால்பாயின்ட் பேனாவை விட்டு அழுத்தி வழி திறக்கிறார்கள். இது ஆபத்தானது என்று தெரிந்தே செய்யப்படுகிறது.

கிளை வகைகள் சில உண்டு. துபாய் போகும் ரோமிங்காரர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் போய், அங்கே வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், பேச்சுக்கு நெடுங்காலமாகத் தடை என்பதைத் தரையிறங்கிய பிறகு அறிகிறார். ஐரோப்பியருள் இவ்வினம் ஏறத்தாழ அழிந்துவிட்டது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த நாட்டுக்குப் போனாலும் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்று 2017 ஜூன் 15 முதல் சட்டம். ஆனால் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் சிம் வாங்கிய நம்மவர், பனிமலை உச்சியில் நின்று வீடியோ கால் போடும்போது அந்தச் சட்டம் அவரோடு மலையேறி வருவதில்லை. சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் ஏறுபவர் நிலை இன்னும் மோசம். நடுக்கடலில் கிடைக்கும் சிக்னல் எந்த நாட்டினுடையதும் அன்று. செயற்கைக்கோள் வழியாகக் கப்பலே கொடுப்பது. வழக்கமான நாட்டு பேக்குகளில் பல அதைச் சேர்ப்பதில்லை. எதிர்வீட்டுக்காரர் கதையில் வரும் நாற்பதாயிரம் கப்பலில் நடந்திருந்தால் நம்பலாம். பாஸ்போர்ட்டே இல்லாத ரோமிங்காரரும் உண்டு. தனுஷ்கோடி முனையில் நிற்பவரின் கைப்பேசி சில சமயம் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு நல்வரவு என்று சொல்லும். ராமநாதபுரம் மாவட்டத்தை விட்டு நகராமலே வெளிநாடு போனவர் இவர்.

பேக் போட்டவர்களின் கடைசி நாள் தனி ரகம். சாங்கியில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது கணக்கைப் பார்த்தால் வாங்கிய டேட்டாவில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். ஐந்து நாளும் அஞ்சி அஞ்சித் திறக்காமல் வைத்ததன் விளைவு. காசு கொடுத்ததை விட்டுவிட்டு வருவதா? நாளைக் காலை திருச்சியில் நேரில் பார்க்கப்போகிற சம்பந்தியை வீடியோவில் அழைத்து விமான நிலையத்துக் கூரை, தரைவிரிப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் காட்டுவார். அவசர அழைப்பு என்று பயந்துபோய் எடுத்த சம்பந்தி, எல்லாம் பார்த்து முடித்தபின், “சரி, சாமான் எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?” என்பார்.

இத்தனைக்கும் வழி சிறியது. சர்வதேச ரோமிங் சேவையை ஊரிலிருக்கும்போதே இயக்கிவிட வேண்டும்; அங்கே போய் முயன்றால் அதற்கு ஓடிபி கேட்கும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து இந்திய சிம்மை உள்ளேயே விட்டுவிட்டு, இன்டர்நெட்டுக்கு அந்த நாட்டு சிம்மோ இ-சிம்மோ போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் புது எண்ணுக்கு மாறவா என்று கேட்டால் வேண்டாம் என்றால் பழைய எண்ணிலேயே ஓடும். வெளிநாட்டில் வந்து விழும் குறுஞ்செய்திக்கு நம் நிறுவனங்கள் பெரும்பாலும் காசு பிடிப்பதில்லை, ஆகவே ஓடிபி தடையின்றி வரும். அழைப்புகளைப் பொறுத்தவரை, அத்தையாகவே இருந்தாலும் மணி அடித்து ஓயும்வரை எடுக்காமல் இருங்கள். எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை.