கேள்வி-பதில்: விடிய விடியப் பிறந்தநாள்

கோடை விடுமுறை நெருங்கியதும் தபால் பை நிறைய ஒரே சங்கதி: மகளின் பிறந்தநாளுக்கு ஸ்லீப்ஓவர். ஆகவே இந்த வாரம் முழுக்க அதுதான். கிரிக்கெட், அரசியல் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

ஓர் அம்மா, வேளச்சேரி: மகளுக்கு ஆறு வயது. தோழிகளோடு வீட்டில் ராத்தங்கல் வேண்டுமாம். சம்மதிக்கலாமா?

சம்மதியுங்கள், ஒன்பதரை மணி வரைக்கும். நைட் டிரஸ்ஸில் வரட்டும், தலையணையோடு வரட்டும், கதை கேட்கட்டும். ஒன்பதரைக்கு அப்பாக்கள் வந்து தோளில் போட்டுக்கொண்டு போகட்டும். அமெரிக்காவில் இந்த அரை விருந்துக்கு ‘ஸ்லீப்பண்டர்’ என்று பெயர். ஆறு வயதின் வீரம் சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சத்தில் இருக்கும்; பதினொரு மணிக்கு “அம்மாகிட்ட போகணும்” என்று இறங்கிவிடும்.

ஒரு தமிழாசிரியர், மதுரை: அப்படியானால் முழு இரவுக்கு ஏற்ற வயது எது?

உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். பாட்டியல் நூல்கள் பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13 என்று வயது வகுத்தன. வகுத்தது உலா பாடுவதற்கு, உதவுவது பிறந்தநாளுக்கும். பேதைக்கு அரை விருந்து. பெதும்பைக்கு முழு இரவு, பக்கத்து அறையில் அம்மா. மங்கைக்கு முழு இரவு, அம்மா கூப்பிடு தூரத்தில்.

ஆனால் வயதைவிட மூன்று கேள்விகள் முக்கியம். பாட்டி வீட்டிலாவது அம்மா இல்லாமல் ஓர் இரவு தூங்கியிருக்கிறாளா? ராத்திரி எழுந்து தானே பாத்ரூம் போவாளா? பிடிக்காததற்கு “வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்வாளா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால், பதினொன்றானாலும் காத்திருங்கள்.

ஓர் அப்பா, திருச்சி: எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

வயதில் பாதி. எட்டு வயதுக்கு நான்கு பேர், பிறந்தநாள்காரி உட்பட. மொத்தம் மூன்று மட்டும் வேண்டாம்: இரண்டு பேர் கட்சி சேர, மூன்றாமவள் எதிர்க்கட்சி ஆகிவிடுவாள்.

ஒரு மருமகள், கும்பகோணம்: “பெண் பிள்ளை இன்னொருத்தர் வீட்டில் தூங்குவதா?” என்று மாமியார் குதிக்கிறார். எப்படிச் சமாளிப்பது?

அத்தையின் சின்ன வயதுக் கோடை லீவை விசாரியுங்கள். சித்தி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, பத்துப் பிள்ளைகளோடு படுத்து, விசிறிச் சண்டை போட்ட கதை கொட்டும். அவரே ஸ்லீப்ஓவர் முன்னோடி!

ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. சித்தி வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். இந்த அடுக்குமாடியில் உங்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். கேள்விகளாக்கி அந்த வீட்டாரிடம் கேளுங்கள்.

அதே மருமகள்: என்னென்ன கேட்பது? தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அன்று இரவு வீட்டில் யார் யார்? ஊரிலிருந்து விருந்தாளி உண்டா? பிள்ளைகள் எந்த அறையில், கதவு திறந்திருக்குமா? பெரியவர்களில் யார் விழித்திருப்பார்? பால்கனிக்குக் கிரில் உண்டா? மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம்? நாய் இருக்கிறதா, கட்டியிருக்குமா? போன் வைத்திருக்கும் அண்ணன்மார் உண்டா?

18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. அந்த வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்தான். ஆகவே ‘நல்ல குடும்பம்’ என்ற சான்றிதழ் போதாது. நல்ல குடும்பம் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள், சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. குழந்தைகள் உதவி எண் 1098 மகளுக்கு மனப்பாடம் ஆகட்டும்.

ஓர் அம்மா, தாம்பரம்: நடு ராத்திரியில் அவளுக்குப் பிடிக்காமல் போனால்? எல்லார் முன்னாலும் போனில் எப்படிச் சொல்வாள்?

முன்கூட்டியே ஒரு வாசகம் பேசி வையுங்கள். “அம்மா, என் கணக்கு நோட்டு எங்கே?” என்றால் ‘உடனே வா’ என்று பொருள். நீங்கள் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள்: “பாட்டி வந்திருக்கா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.” மானம் காப்பாற்றப்பட்டது. திரும்பும் வழியில் “ஏன், என்ன” என்ற விசாரணை கமிஷன் கூடாது. அவளே பேசுவாள், பெரும்பாலும் மறுநாள் தோசைக்கு நடுவில். அப்போது முழுக்கக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், சேலம்: மகளுக்கு ஏழு வயது. சில ராத்திரி படுக்கையை நனைத்துவிடுகிறாள். அழைப்பு வந்திருக்கிறது...

ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு. வளர வளரத் தானே நிற்கும். அந்த வீட்டு அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பையில் ஒரு மாற்று உடை, ஒரு ரப்பர் ஷீட். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒன்பதரை விருந்து போதும். மகள் காதில் ‘இன்னுமா?’ என்ற சொல் மட்டும் விழக்கூடாது.

ஒரு வாசகர், வேலூர்: மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த கேக்கைச் சாப்பிடலாமா?

அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017-ல் சோதித்தார்கள். ஊதிய பிறகு மேல் கிரீமில் பாக்டீரியா 1,400 சதவீதம் கூடியிருந்தது. அதற்காக ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஒரு கப் கேக்கில் மெழுகுவர்த்தியைக் குத்தி அவளிடம் கொடுங்கள். எச்சில் அவளுக்கு, மிச்சம் நமக்கு.

கல்லூரி மாணவி, கடலூர்: தங்கை பிறந்தநாளுக்கு ஸ்னோ ஸ்ப்ரே, கேஸ் பலூன் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஸ்ப்ரே டப்பாவில் எரியும் வாயு இருக்கலாம். பக்கத்தில் மெழுகுவர்த்தி, நடுவில் தங்கையின் தலைமுடி. கேஸ் பலூனில் மலிவுக்காக ஹைட்ரஜன் அடைக்கிறார்கள். ஒரு பொறி போதும். வாயால் ஊதிய பலூன் நல்லது. அதுவும் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும். விளையாட்டாகப் பதில் சொல்லத் தோன்றாத கேள்வி இது.

ஓர் அம்மா, அம்பத்தூர்: சாக்லேட் தின்றால் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஆடுகிறார்களே?

1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆட்டுவிப்பது சர்க்கரை இல்லை அம்மா, சகவாசம்! பல்லுக்குக் கெடுதல் என்ற வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒரு வாசகி, தஞ்சாவூர்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன போடலாம்? பீட்சாதான் வேண்டும் என்கிறார்கள்.

பீட்சா ஒரு துண்டு கொடுத்துவிட்டு, மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதமோ தயிர் சாதமோ பிசைந்து, சுற்றி உட்கார வைத்து, கையில் உருட்டிப் போடுங்கள். நிலாச்சோறு! முறைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளையும் மூன்றாவது உருண்டைக்குக் கை நீட்டுவாள். நாலு பேர் பாட்டு, ஒருத்தி கதை, ஓரத்தில் அப்பளம். சாப்பாடும் நிகழ்ச்சியும் ஒரே செலவில் முடிந்தது.

யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்கு முட்டை ஆகாது, யாரிடம் இன்ஹேலர் இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பச்சை முட்டை மயோனைஸ் பக்கம் போகாதீர்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசே ஓராண்டுக்குத் தடை போட்டது.

ஓர் அப்பா, சோழிங்கநல்லூர்: குட்டிக் கூடாரம், சீரியல் விளக்கு என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். விலை கண்ணைக் கட்டுகிறது.

நாலு நாற்காலி, பாட்டியின் இரண்டு புடவை, பத்து துணி கிளிப். கூடாரம் தயார். பிள்ளைகளே கட்டட்டும், கட்டுவதில்தான் ஒரு மணி நேரம் போகும். வாடகைக் கூடாரத்தில் ‘தொடாதே, கிழியும்’ என்று காவல் காக்க வேண்டும்.

நாலாம் வகுப்பு வாசகி, பீளமேடு: மாமா, இருட்டுல கண்ணாடியப் பார்த்தா பேய் வருமா? ஃப்ரெண்ட் சத்தியம் பண்றா.

முகம் மாறும் கண்ணு, பேய் வராது. மங்கலான வெளிச்சத்தில் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் மூளைக்குச் சலித்துப்போய், தானாகப் படம் வரைய ஆரம்பிக்கும். கபுட்டோ என்ற இத்தாலிய விஞ்ஞானி 2010-ல் இதைப் பரிசோதித்து எழுதினார். அவர் விளக்கைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. நீயும் ஸ்விட்சைப் போடு.

அவளுடைய தோழி, அதே பீளமேடு: நாலு பேர் ரெண்டு ரெண்டு விரலால ஒருத்தியத் தூக்கிடலாமாம். மந்திரமா மாமா?

இந்த ஆட்டம் ரொம்பப் பழசு. லண்டன்காரர் சாமுவேல் பீப்பிஸ், பிரான்சின் போர்தோ நகரில் நாலு சின்னப் பெண்கள் ஒரு பையனை விரலால் தூக்கிய கதையை நண்பர் சொல்லக் கேட்டு, 1665 ஜூலை 31-ல் டைரியில் எழுதி வைத்தார். 32 கிலோ எடை, நாலு பேர், ஆளுக்கு எட்டு கிலோ. எல்லோரும் ஒரே நொடியில் தூக்கினால் சுலபம். மந்திரம் இல்லை பாப்பா, வகுத்தல் கணக்கு! கீழே மெத்தை போடாமல் வகுக்காதே.

ஒரு வாசகி, நுங்கம்பாக்கம்: எட்டு வயதுப் பெண்களுக்கு ஃபேஷியல் வைத்து ‘ஸ்பா பார்ட்டி’ நடத்துகிறார்கள். நாமும்...?

எட்டு வயதுக் கன்னத்தில் எந்தக் கிரீம் எதைத் திருத்தப் போகிறது? மருதாணி வையுங்கள். இரவு முழுக்கக் காத்திருந்து காலையில் யாருடையது சிவந்தது என்று சண்டை போட, ஸ்லீப்ஓவருக்கென்றே பிறந்த அலங்காரம். இலையை அரைத்து வையுங்கள். ‘கருப்பு மெஹந்தி’ கோன் மட்டும் கூடாது: மருதாணி தானாகக் கருப்பாகாது, கருக்க வைப்பது பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம், தோல் பொத்துப்போகும்.

ஒரு சித்தி, ஈரோடு: ராத்திரி “நீ குண்டு, நான் ஒல்லி” என்று பேசி ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டது.

1965-ல் ‘ஸ்லம்பர் பார்ட்டி’ பார்பி பொம்மை வந்தது. கூடவே ஓர் எடை பார்க்கும் மெஷின், முள் 110 பவுண்டில் நிற்கும். ஒரு குட்டிப் புத்தகமும் உண்டு: இளைப்பது எப்படி? அதில் ஒரே அறிவுரை, சாப்பிடாதே. பொம்மைக்கே இந்தக் கொடுமை! உங்கள் வீட்டில் எடை மெஷினைப் பரணில் ஏற்றுங்கள். பெரியவர்களும் அன்று “நீ இளைச்சுட்டே, பெருத்துட்டே” என்று குசலம் விசாரிக்காதீர்கள்; பிள்ளைகள் நம் வாயிலிருந்துதான் கற்கிறார்கள்.

ஒரு மாணவன், ஐந்தாம் வகுப்பு, நாகர்கோவில்: அக்கா பார்ட்டியில எனக்கு இடமில்லையாம். நியாயமா?

கேக் வெட்டும் வரை நீ கௌரவ உறுப்பினர். அதன் பிறகு தாத்தாவோடு பரோட்டா கடை. யாருக்கு லாபம் என்று நீயே யோசி.

ஓர் அம்மா, கோயம்புத்தூர்: சினிமா போடலாமா?

2024 முதல் யுஏ சான்றிதழிலேயே 7+, 13+, 16+ என்று வயது பிரித்துக் கொடுக்கிறார்கள். வந்திருப்பவர்களில் கடைசிக் குட்டியின் வயதுக்குப் பொருந்துகிற படம் போடுங்கள். பேய்ப் படம் பார்த்தால் அன்று ராத்திரி பாத்ரூமுக்கு எல்லோரும் சேர்ந்துதான் போவார்கள், உங்களையும் எழுப்பி.

ஒரு வாசகி, புதுச்சேரி: போன், போட்டோ?

வாசலில் ஒரு கூடை. செருப்போடு போனும் அங்கேயே. வாட்ஸ்அப்புக்கே குறைந்தபட்ச வயது 13. வீட்டார் போன் எப்போதும் பிள்ளைகள் கைக்கு எட்ட இருக்கட்டும். நைட் டிரஸ்ஸில் இருக்கும் பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 18 ஆகாத பிள்ளையின் தகவலைத் தொட நிறுவனங்களே பெற்றோரைக் கேட்க வேண்டும் என்கிறது 2023-ன் சட்டம். எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டால் குறைந்தா போவார்?

கீழ்த்தளவாசி, மயிலாப்பூர்: மேல் வீட்டில் விடிய விடியக் கும்மாளம். சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. சிரிப்புக்குத் தடை போட இன்னும் யாரும் துணியவில்லை. மேல் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: முந்தின நாளே ஒரு துண்டு கேக்கோடு கீழே இறங்கி வந்து சொல்லிவிடுங்கள்.

ஓர் அப்பா, திருநெல்வேலி: எப்போது விளக்கை அணைப்பது?

6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அன்று கிடைக்காது. ஆகவே சனி இரவு வையுங்கள், ஞாயிறு மதியம் கடன் அடைந்துவிடும். பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். பேச்சு தானாகப் பதினொன்றரைக்கு அணையும்.

பெயர் வேண்டாம், கரூர்: பதினோரு வயது. அங்கே போயிருக்கும்போது முதல் முறையாகப் பெரியவளாகிவிட்டால்?

அழைக்கும் வீட்டில் நாப்கின், மாற்று உடை, வெந்நீர்ப் பை தயாராக இருக்கட்டும். அந்த வீட்டு அம்மா கதவைச் சாத்தி, தைரியம் சொல்லி, பெற்றவளைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தால் போதும். மகளுக்கும் முன்பே எல்லாம் விளக்கி வையுங்கள். யாரிடம் சொல்வது என்பது அவள் முடிவு. ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கும் மாமாக்கள் மன்னிக்கவும்.

ஓர் அம்மா, ஓசூர்: வகுப்புத் தோழிகள் நாலு பேரை அழைத்தார்கள். என் மகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அழுகிறாள்.

அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். “அவ கிடக்கிறா” என்று அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். திங்கட்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அன்று இரவே வீட்டில் பாய் விரித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். அழைப்பவர்களுக்கும் ஒன்று: அழைப்பு பெற்றோர் போனுக்குப் போகட்டும், வகுப்பறையில் சீட்டு விநியோகம் வேண்டாம்.

ஒரு வாசகி, காரைக்குடி: ரிட்டன் கிஃப்ட் என்ன கொடுக்கலாம்?

ஐந்தாங்கல் ஒரு செட், சுருக்குப் பையில். சங்க காலத்துப் பெண்கள் ஆடிய கழங்கின் பேத்தி அது. பேட்டரி தீராது.

மூன்றாம் வகுப்பு வாசகி, தூத்துக்குடி: மாமா, எனக்கு ராத்திரி தங்கப் பிடிக்கல. வரலன்னு சொன்னா அவ கோச்சுக்குவா. என்ன பண்றது?

சாயங்காலம் போ, பாட்டுப் பாடு, கேக் சாப்பிடு, நிலாச்சோறு வாங்கிக்கொள். ஒன்பதரைக்கு அப்பாவை வரச் சொல். பிறந்தநாள் அவளுடையது, படுக்கை உன்னுடையது. காரணம் கேட்டால் “எனக்கு எங்க வீட்டுலதான் தூக்கம் வரும்” என்று சொல், அது போதும். பரிசை மட்டும் மறந்துவிட்டுப் போகாதே கண்ணு.